மலை ஜீப்பில் கோளாறு எங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போடியிலிருந்து போடிமெட்டு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியுமுன்பே ஜீப்புகள் வரிசையாக ஏறும். அந்த வரிசையில் என்னுடையதும் ஒன்று: மஹிந்திரா எம்.எம். 540, பெஜோ டீசல் இன்ஜின், 2112 சி.சி. நான் மெக்கானிக் இல்லை. மெக்கானிக் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகிற இடங்களில் வண்டி ஓட்டுகிறவன். அதனால் பார்த்துக் கற்றது கொஞ்சம், கெடுத்துக் கற்றது நிறைய. ஜீப், மாருதி ஜிப்ஸி, மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதிவைக்கிறேன்.

கோளாறு என்றால் முதலில் எதைக் கழற்றிப் பார்ப்பது?

எதையும் கழற்ற வேண்டாம். ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடான பிறகா? ஏற்றத்திலா, இறக்கத்திலா? நேராகப் போகும்போதா, வளைக்கும்போதா? ஆள் ஏற்றினால் கூடுகிறதா? கடைசியாக வண்டியில் யார் கை வைத்தார்கள், எதைத் தொட்டார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியிலேயே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். "நேற்று வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்று சொல்பவரிடம் நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால், ஃபில்டர் மாற்றினேன், ஆற்றில் இறக்கிக் கழுவினேன் என்று ஏதாவது ஒன்று வரும்.

இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரு சாமானை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி வண்டி சரியானால், எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது. மூன்றுக்கும் காசு கொடுத்ததுதான் மிச்சம்.

ஓடும்போது சத்தம் வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சத்தம் இன்ஜின் வேகத்தோடு போகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு போகிறதா என்று முதலில் பிரித்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். சத்தம் வந்தால் இன்ஜின் பக்கம், அல்லது கிளட்ச், கியர்பாக்ஸ் முகப்பு. அப்படியே கிளட்ச்சை மிதித்துப் பாருங்கள். மிதித்ததும் சத்தம் நின்றால் பெரும்பாலும் கியர்பாக்ஸ் முன்பக்க பேரிங். மிதித்ததும் சத்தம் தொடங்கினால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

நின்ற இடத்தில் சத்தமே இல்லை என்றால் ஆளில்லாத சமதளச் சாலைக்குப் போங்கள். இறக்கத்தில் இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யாதீர்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிடுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் சக்கரம், ஆக்சில், புரொபெல்லர் ஷாஃப்ட் (ஆக்சிலுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் தண்டு) பக்கம் தேட வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒருவிதமாகவும் விடும்போது வேறுவிதமாகவும் ஊளையிட்டால் கிரவுன் பினியன், அதாவது ஆக்சிலின் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி. இடப்பக்கம் வளைக்கும்போது உறுமல் கூடினால் வலது சக்கர பேரிங்கைச் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரத்தில்தான் ஏறும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஒரு வருடம் மழைக்காலம் முடிந்ததும் என் ஜீப்பில் "கீச்… கீச்" என்று குருவி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். மெதுவாகப் போனால் மட்டும் கேட்கும், வேகம் எடுத்தால் இன்ஜின் சத்தத்தில் மறைந்துவிடும். ஒருவர் பிரேக் டிரம் என்றார், இன்னொருவர் ஹப் பேரிங் என்றார். இரண்டையும் கழற்றி மாட்டி ஒரு நாள் கூலி போனது. கடைசியில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் பின்டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "நடக்கிற வேகத்துல ஓட்டு, நான் கூடவே நடந்து வர்றேன்" என்றார். கோடு ஒரு சுற்று முடிப்பதற்குள் நாலைந்து முறை கீச்சிட்டது. "சக்கரம்னா சுத்துக்கு ஒண்ணுதான் வரும். இது ஷாஃப்டுப்பா" என்றார். இப்படிப்பட்ட வண்டிகளில் சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் புரொபெல்லர் ஷாஃப்ட் நான்கு, ஐந்து சுற்று சுற்றிவிடும். கீழே படுத்துப் பார்த்தால் ஷாஃப்டின் பின்பக்கக் கிராஸில் (சிலுவை வடிவ மூட்டு) கிரீஸ் துளிகூட இல்லை, மூடியைச் சுற்றிச் செங்கல்பொடி மாதிரி துரு. கிரீஸ் கன்னால் நாலு அடி அடித்ததும் குருவி அடங்கியது. ஆனாலும் அந்தத் துரு வந்துவிட்டால் உள்ளே ஊசி பேரிங் தேயத் தொடங்கிவிட்டது என்று பொருள். அடுத்த வாரமே கிராஸை மாற்றிவிட்டேன்.

கியர் போட்டு கிளட்ச் விட்டதும் "டங்" என்று ஓர் அடி. இதுவும் கிராஸ்தானா?

இருக்கலாம். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் யூ போல்ட் லூஸாகியிருக்கலாம், டிஃபரன்ஷியலில் ஆட்டம் கூடியிருக்கலாம், இன்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கலாம். நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டைக் கையால் இரண்டு பக்கமும் திருகுங்கள். கிராஸில் ஆட்டம் கண்ணுக்கே தெரியக் கூடாது. கட்டை கொடுக்காமல் வண்டிக்கடியில் போகாதீர்கள். பழைய ஜீப் சிலவற்றில் ஹேண்ட்பிரேக் அந்த ஷாஃப்டில்தான் பிடிக்கும், அதை நம்பிப் படுத்துவிட்டு ஷாஃப்டைக் கழற்றினால் வண்டி உருண்டு வரும்.

ஃபோர் வீல் போட்டேன், இப்போது லீவர் திரும்ப வரமாட்டேன் என்கிறது. உடைந்துவிட்டதா?

தார் ரோட்டில் போட்டு ஓட்டினீர்களா? அப்படியென்றால் பெரும்பாலும் எதுவும் உடையவில்லை. வளைக்கும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடும். பார்ட் டைம் ஃபோர் வீலில் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. மண்ணில், சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க வழியில்லை, ஷாஃப்டுகள் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், லீவர் தானாக இளகும். சுத்தியலால் தட்டாதீர்கள்.

மண் ரோட்டிலேயே அடிக்கடி இப்படி மாட்டுகிறது என்றால் நான்கு டயரையும் அளந்து பாருங்கள். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்று ஓட்டுகிறவர்கள் இங்கே நிறைய. சுற்றளவு மாறினாலே நேராகப் போகும்போதும் முறுக்கு ஏறும்.

ஃபோர் வீல் போட்டும் முன்சக்கரம் இழுக்கவில்லையே?

ஜிப்ஸி போல முன்சக்கரத்தில் ஃப்ரீ வீலிங் ஹப் (சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டவும் விடவும் திருப்புகிற அமைப்பு) இருக்கிற வண்டியா? இறங்கிப்போய் இரண்டு ஹப்பையும் லாக்கில் திருப்பினீர்களா? சிரிக்காதீர்கள், சேற்றில் மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் இதை மறந்தவர்கள்தான். லாக் செய்தும் இழுக்கவில்லை என்றால், டூ வீலில் வைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். முன் புரொபெல்லர் ஷாஃப்டும் கூடச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் இரண்டில் ஏதோ ஒரு ஹப் பூட்டவில்லை. பெரும்பாலும் பழைய கிரீஸ் காய்ந்து மண்ணோடு சேர்ந்து உள்ளே இறுகியிருக்கும்.

ஷாஃப்ட் சுற்றுகிறது, ஆனால் பள்ளத்தில் குறுக்காக இறங்கினால் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் மட்டும் காற்றில் சுற்றுகின்றன என்றால், அது கோளாறே இல்லை. சாதாரண டிஃபரன்ஷியலின் குணமே அதுதான், பிடிப்பில்லாத சக்கரத்துக்குத்தான் சுற்றைக் கொடுக்கும்.

50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் ஏறியதும் ஸ்டீயரிங் கையை உடைக்கிற மாதிரி உதறுகிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். முன்னால் முழு ஆக்சில் உள்ள ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் வரக்கூடியது. உதறல் தொடங்கினால் பிரேக்கைக் குத்தாதீர்கள், ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறையவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் சக்கரத்தின் உள்பக்கம் ஒட்டிக் காய்ந்திருக்கும் சேற்றைச் சுரண்டுங்கள். ரிம்முக்குள் ஒரு பக்கமாகக் காய்ந்த கால் கிலோ மண் போதும், பேலன்ஸ் போய்விடும். டயர் காற்றையும் பாருங்கள். அதற்குப் பிறகும் உதறினால், ஒருவரை உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் குனிந்து ஸ்டீயரிங் கம்பிகளின் முனை மூட்டான ராட் எண்ட் ஒவ்வொன்றின் மீதும் கை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூடக் கைக்குத் தெரியும். ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் உட்காரும் போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள்.

அப்புறம் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மிதித்தும் ஆட்டம் இருந்தால் கிங் பின், அதாவது முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் முளை. சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் என்றால் ராட் எண்ட் பக்கம். ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ் தேய்ந்தாலும் இதே உதறல் வரும். உயரம் கூட்டுவதற்காக நீளமான ஷேக்கிள் போட்டவர்களுக்கு முன் ஆக்சிலின் சாய்வே மாறிப்போய் வரும்.

புது ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் நின்றுவிடும் என்று சொல்வார்கள். நிற்கும், ஆறு மாதத்துக்கு. தேய்ந்த சாமான் உள்ளே தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.

மலையேறும்போது இழுவை குறைந்து அணைந்துவிடுகிறது. பத்து நிமிடம் நிறுத்தினால் மறுபடி ஓடுகிறது.

இது என் ஜீப்புக்கே நடந்தது. ஐந்தாறு கிலோமீட்டர் ஏறும், இழுவை சுருங்கும், நின்றுவிடும். கொஞ்சம் ஆறவிட்டால் ஒன்றும் தெரியாத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் டீசல் ஃபில்டர் மாற்றினார்கள், ஃபீட் பம்ப் மாற்றினார்கள், அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்றிச் சர்வீசுக்கு அனுப்பலாம் என்றார்கள். செலவுக்குப் பயந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியிலேயே நின்றது. டீசல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினேன், "உஸ்ஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தது. அப்போதுதான் உறைத்தது. மூடியில் இருக்கும் காற்றுத் துளை செம்மண்ணால் அடைபட்டிருந்தது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராமல் டேங்க்குக்குள் உறிஞ்சல் ஏற்பட்டு, பம்ப் இழுக்க முடியாமல் திணறியிருக்கிறது. நிறுத்தி வைத்தால் மெல்லக் கசிந்து சரியாகிவிடும். ஒரு குண்டூசியில் தீர்ந்தது.

ஆகவே முதல் சோதனை: மூடியை லேசாகத் தளர்த்தி வைத்து ஏறிப் பாருங்கள். சரியாகிவிட்டால் துளைதான். இல்லையென்றால் ஃபில்டருக்கு அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் அடியில் தங்கும். டேங்கிலிருந்து வரும் ஹோஸில் நுண்ணிய வெடிப்பு இருந்தால் வெளியே டீசல் கசியாது, உள்ளே காற்றுதான் இழுக்கும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் இழுவை இல்லாததோடு கரும்புகையும் சேர்ந்து வரும். இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி மட்டும் ஏறவில்லை, கருகிய வாடை அடிக்கிறது என்றால் டீசல் பக்கமே போகாதீர்கள், கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது.

டீசல் தீர்ந்து நின்றுவிட்டது. ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை.

ஏர் பிடித்திருக்கும். ஃபில்டர் தலையிலுள்ள சின்னத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரையாக வரும், அப்புறம் குமிழி இல்லாமல் டீசலாக வரும். அப்போது திருகை இறுக்கிவிட்டு செல்ஃப் அடியுங்கள். பொறுமையில்லாமல் முதலிலேயே செல்ஃப் அடித்து பேட்டரியைக் காலி செய்யாதீர்கள்.

ஆற்றில் இறக்கி ஏற்றிய பிறகு என்ன பார்க்க வேண்டும்?

ஆக்சிலுக்கு ஒரு மூச்சுக்குழாய் உண்டு. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். மூச்சுக்குழாய் மண்ணால் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலை, வண்டி அசையாமல் நின்ற பிறகு, ஆக்சிலின் ஃபில்லர் நட்டைத் திறந்து விரலை விட்டு ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். 90 கியர் ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்தால் நல்லது. பால் ஊற்றிய காபி மாதிரி இருந்தால் தண்ணீர் போய்விட்டது. "இன்னும் ஒரு மாசம் ஓட்டலாம்" என்று விடாதீர்கள், பேரிங்கும் பினியனும் துருப்பிடிக்கும். கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஷாஃப்டுகளுக்குச் சுற்றைப் பிரிக்கும் பெட்டி) இரண்டிலும் இதே சோதனை. மூச்சுக்குழாயை ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி பானெட் உயரத்துக்கு ஏற்றிவிடுவது மலிவான வேலை, முதலில் செய்ய வேண்டிய வேலையும்கூட.

தண்ணீருக்குள் இன்ஜின் அணைந்துவிட்டால் செல்ஃப் அடிக்கவே கூடாது. டீசல் இன்ஜின் காற்றை இருபது மடங்குக்கு மேல்கூட அமுக்கும். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட்தான் வளையும். இழுத்துக் கரையேற்றி, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் ஹீட்டர் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றவைத்துத் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். 2020-ல் வந்த தாருக்கு 650 மில்லிமீட்டர் ஆழம் வரை போகலாம் என்று கம்பெனி சொல்கிறது. அது தேங்கிய தண்ணீரில். ஓடுகிற ஆற்றில் அதே ஆழம் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்.

புகையின் நிறத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

டீசல் வண்டியில் ஓரளவு முடியும். கருப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம், மேலே போகப்போகக் காற்று மெலிவதால் சற்றுக் கூடும். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளை காலையில் மட்டும் வந்து கண் எரிந்தால் எரியாத டீசல், ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள். நாள் முழுக்க வெள்ளையாக வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் காஸ்கெட்.

ஏற்றத்தில் மட்டும் சூடாகிறது, சமதளத்தில் இல்லை.

ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்று இல்லை, ஃபேன் மட்டுமே துணை. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஃபேனைச் சுற்றியிருக்கும் தகர வளையத்தை யாராவது கழற்றி எறிந்துவிட்டார்களா என்று பாருங்கள். அப்புறம் ரேடியேட்டரின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். வெளிச்சம் தெரியாத இடமெல்லாம் புல் விதையும் சேறும் அடைத்த இடம். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், அழுத்தம் அதிகம் வேண்டாம், தகடு மடங்கிவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகிறதே?

ஏறின கியரில்தான் இறங்க வேண்டும். அப்படி இறங்கியும் பிடிக்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போங்கள். ஒரு பக்கம் இழுத்தால் அந்தச் சக்கரத்துக்கு எதிர்ச் சக்கரத்தின் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள், ஆக்சில் சீல் கசிந்து ஷூவில் ஆயில் ஏறியிருக்கும்.

புது வண்டிகளுக்கு இதெல்லாம் பொருந்துமா? ஸ்கேனர் மாட்டினால் போதாதா?

ஸ்கேனர் வேண்டும்தான். ஆனால் எந்த வயரில் தகவல் வரவில்லை என்றுதான் அது சொல்லும், ஏன் வரவில்லை என்று சொல்லாது. சேற்றில் ஓட்டிய மறுநாள் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் சென்சார் வாங்கப் போகாமல், சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சென்சாரையும் அதன் வயரையும் கழுவித் துடைத்துப் பாருங்கள். சத்தம், வாடை, ஆட்டம் இவற்றுக்கு ஸ்கேனரில் எண் கிடையாது.

பழைய ஜீப் வாங்கப் போகிறேன். அரை மணி நேரத்தில் எதைப் பார்ப்பது?

நீங்கள் போகுமுன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் காலை ஸ்டார்டிங்கை மறைக்கிறார்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக் கூடாது. ஸ்பிரிங் சேஸிஸோடு சேரும் இடத்திலும் ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் இடத்திலும் புது வெல்டிங், புதுக் கறுப்புப் பெயின்ட் இருந்தால் அங்கே விரிசல் இருந்திருக்கிறது. ஃபில்லர் நட்டைத் திறந்து ஆயில் நிறம் பாருங்கள். மண்ணில் ஃபோர் வீல், லோ (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர்) இரண்டும் போட்டு, ஏற்றத்தில் ஒருமுறை ஏற்றி, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள். லோ கியர் வெளியே எகிறினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் செலவு காத்திருக்கிறது. கடைசியாக ஆர்.சி.யை எடுத்து, சேஸிஸிலும் இன்ஜினிலும் வெட்டியிருக்கும் எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். இன்ஜின் மாற்றிய வண்டிகள் இந்த மலையில் ஏராளம், புத்தகத்தில் ஏறாமல் மாற்றியவையும் உண்டு.